கடலுப்பு ஏறிய பழைய பூச்சாடியைக் காப்பாற்றி அலங்கரிக்கும் முறை

திருகோணமலை, உப்புவெளியில் இருக்கும் என் மாமி வீட்டில் நீலப் பூவேலை செய்த ஒரு பழைய பூச்சாடி இருந்தது. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி கடல் வீட்டுக்குள் வந்தபோது அலுமாரியோடு சேர்ந்து மூழ்கி, பிறகு சேற்றிலிருந்து உடையாமல் எடுக்கப்பட்டு, கடதாசியில் சுற்றிப் பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்த அதனை மாமி எனக்குத் தந்தார். அதைக் கழுவி மேசையில் வைப்பதற்குள் நான் பட்ட பாடுதான் இந்த விளக்கத்தை எழுத வைத்தது. பழைய பூச்சாடி சேர்ப்பது பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கடற்கரை ஊரில் முதலில் பார்க்க வேண்டியது உப்பு.

வாங்கும்போது செய்ய வேண்டியவை சில நிமிட வேலைகளே. பீங்கானை உள்ளங்கையில் நிறுத்தி விரல் நகத்தால் சுண்டுங்கள்; தெளிவாக ஒலித்தால் பெரும்பாலும் முழுமையானது, மொத்தையாக ஒலித்தால் எங்கேயோ விரிசல் உண்டு. பித்தளை என்று சொல்லப்படுவதைக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. அடியில் நாட்டின் பெயர் இருந்தால் காலத்தை ஓரளவு கணிக்கலாம். இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்ததால், ‘நிப்பொன்’ என்று பொறித்த யப்பானியச் சாடிகள் பொதுவாக 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டவை. ஆனால் முத்திரையையும் போலியாகப் பதிக்கிறார்கள். முத்திரையை விட அடிவளையத்தின் தேய்மானத்தையே நான் அதிகம் நம்புவேன். மண்ணிலிருந்தோ கடலடியிலிருந்தோ எடுத்தது என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம். அது தொல்பொருட் சட்டத்தோடு சம்பந்தப்பட்ட விடயம்.

அடுத்து, சாடி நீர் உறிஞ்சுமா என்று அறிய வேண்டும். அதைக் கவிழ்த்து, பூச்சில்லாத அடிவளையத்தில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள். துளி அப்படியே நின்றால் அது நன்கு சுட்டு இறுகிய பீங்கான். கழுவித் துடைத்தாலே போதும். துளி மறைந்துவிட்டால் உள்மண் நீரை உறிஞ்சும் வகை, அதற்குத்தான் மீதி வேலை முழுவதும்.

நான் சறுக்கியது இங்கேதான். மாமியின் சாடியில் மயிரிழை வெடிப்புகளின் ஊடாகப் பழுப்புக் கறை படர்ந்திருந்தது. குளியலறைக்குப் பயன்படுத்தும் பிளீச் திரவத்தில் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் சாடி வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்துக் கழுத்தைச் சுற்றிப் பஞ்சு முளைத்ததுபோல வெள்ளைத் தூள் பூத்திருந்தது. துடைத்தபோது, நீலக் கொடியின் ஓர் இலை, கடுகளவு சில்லாகத் துணியோடு வந்துவிட்டது. அந்தச் சில்லை இன்னும் ஒரு தீப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

காரணம் எளிது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது தானாகவே கரையும். அதற்குக் கீழே இறங்கும்போது மறுபடி படிகமாகும். வாடைக்காலத்தில் சாடியின் உள்மண்ணில் கரைந்து கிடக்கும் உப்பு, வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் பூச்சுக்கு அடியில் படிகமாக வளர்ந்து, இடம் போதாமல் பூச்சைத் தள்ளி உடைக்கிறது. பிளீச் திரவமும் தன் பங்குக்கு உப்பை விட்டுச் செல்வதால், ஏற்கெனவே கடல்நீர் குடித்திருந்த சாடிக்கு நான் மேலும் ஊட்டியிருக்கிறேன்.

உப்பை எடுப்பதற்குப் பொறுமையும் மழைநீரும் போதும். எங்கள் கிணற்று நீர் உவர் என்பதால் அது உதவாது. முதல் மழையில் கூரை கழுவப்பட்ட பின் பிடித்த நீரைப் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் பேசினின் அடியில் மடித்த துணியை விரித்து, அதன்மேல் சாடியை நிறுத்தி, விளிம்பு மூழ்கும்வரை மெதுவாக நீர் ஊற்றுங்கள். இரும்பு வாளி துருக்கறையைச் சேர்க்கும். முதல் வாரம் நாள்தோறும், பிறகு இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள். நீரைக் கொட்டுமுன் அதில் ஒரு துளியையும், புதிய மழைநீரில் ஒரு துளியையும் முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் அருகருகே விட்டுக் காயவிடுங்கள். முதல் நாள் என் ஊறல் நீர்த்துளி, தடித்த வெள்ளை வளையமாகக் காய்ந்தது. இரண்டு துளிகளும் ஒரே மாதிரிக் காயும்வரை நிறுத்த வேண்டாம். எனக்கு 23 நாள் எடுத்தது. மீன்தொட்டிக் கடைகளில் விற்கும், நீரில் கரைந்த உப்பை அளவிடும் கருவியையும் வாங்கிப் பார்த்தேன், கண்ணாடித் துளியே எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் இரண்டு வாரமாவது காயவிடுங்கள். பழுப்புக் கறை இன்னும் உறுத்தினால், பாமசியில் கிடைக்கும் மூன்று சதவீத ஐதரசன் பெரொக்சைட்டில் நனைத்த பஞ்சைக் கறைமேல் வைத்து பொலித்தீனால் மூடி விடலாம். பொன் வேலைப்பாட்டின் மேல் மட்டும் வேண்டாம். தூசு துடைக்கச் சவரத் தூரிகையே சிறந்தது, பற்தூரிகை கீறும்.

பித்தளைச் சாடிகளுக்கு இத்தனை பாடு இல்லை. புளியோ தேசிக்காயோ தேய்த்தால் உடனே கழுவிவிடுங்கள்; அதிக நேரம் விட்டால் துத்தநாகம் போய்ச் செம்பு நிறத் திட்டுகள் விழும். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல வாராவாரம் துலக்கிப் பழைய நிறத்தைப் போக்குவது எனக்குப் பிடிக்காத காரியம்.

அலங்கரிக்கும்போது, சாடிக்குள் நேராகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாய்க்குப் பொருந்தும் ஒரு ஜாம் போத்தலை உள்ளே இறக்கி, அதில் பூவை வையுங்கள். வாய் ஒடுங்கிய சாடியென்றால் குளத்தில் பறித்துக் காயவைத்த தாமரைக் காய்கள் அழகாக இருக்கும், தண்ணீரும் தேவையில்லை. சாடி சாயாதிருக்க அடியில் துணிப்பையில் மணல் வைக்கலாம். அது ஆற்று மணலாக இருக்கட்டும், கடற்கரை மணலானால் உப்பு மீண்டும் வந்து சேரும். கடலைப் பார்த்த யன்னலோரத்தைத் தவிர்த்து, உட்சுவரோரம் வையுங்கள். நீலமும் வெள்ளையும் கலந்த சாடிக்குப் பக்கத்தில் மங்கிய பித்தளைச் செம்பு ஒன்றை வைத்தால் இரண்டும் எடுபடும். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் கடைத்தட்டுபோல ஆகிவிடுகிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு மூதூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஊறவைத்த இரண்டாம் நாள் அவருடைய சாடியின் கைப்பிடி தனியாகக் கழன்று பேசினின் அடியில் கிடந்ததாம். முன்பு யாரோ விலங்குப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அது நீரில் இளகும். ஆகவே ஊறவைக்குமுன், இணைப்புகள் எல்லாவற்றையும் டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் கோடு தெரிந்தால் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சை அதன்மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். விரலில் பிசுபிசுத்தால் அந்தச் சாடியைப் பேசினில் இறக்க வேண்டாம். அவருடைய சாடி நல்ல வேளையாகப் பழைய ஒட்டின் வழியே சுத்தமாகப் பிரிந்திருந்ததால், உப்பு முழுவதும் போய்க் காய்ந்த பிறகு ஒட்டுவதற்காகக் கைப்பிடியையும் அதே பேசினில் ஊறவிட்டிருக்கிறார்.