முதலில் என்ன செய்வீர்கள்? போதை மீட்பு கவுன்சிலர் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கும் முறை

அமெரிக்காவில் இந்த லைசென்ஸ் தேர்வை இரண்டாவது முறைதான் பாஸ் ஆனேன். முதல் முறை எங்கே வழுக்கினேன் என்பதை ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன். (தேர்வில் வந்த கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும். அதனால் இங்கே வரும் கேள்விகள் எல்லாம் நானே எழுதியவை.)

15 வருடமாகத் தினமும் குடித்தவர். நேற்றுக் காலையோடு நிறுத்திவிட்டார். இன்று முதல் தடவையாக உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கை நடுங்குகிறது, சட்டை வியர்த்து நனைந்திருக்கிறது. "இந்தத் தடவை விட்டே ஆகணும்" என்கிறார். நீங்கள் முதலில் செய்வது என்ன?

அ) அவருடைய உறுதியைப் பாராட்டி, மாற்றத்துக்கான காரணங்களைப் பேச வைப்பது
ஆ) அவரோடு சேர்ந்து சிகிச்சைத் திட்டம் எழுதுவது
இ) உடனடி மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்புவது
ஈ) குடும்பத்தினரை அழைத்துப் பேசுவது

நான் அன்று யோசித்த விதத்தில் இதற்கு 'அ' என்றுதான் எழுதியிருப்பேன். மனிதர் மனம் திறந்து பேச வந்திருக்கிறாரே! ஆனால் விடை 'இ'. நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அதற்கடுத்து, சுமார் 48 முதல் 96 மணி நேரத்தில், டெலிரியம் ட்ரெமென்ஸ் என்கிற மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். எதிரில் இருப்பவர் ஏறக்குறைய ஒரு நாளைத் தாண்டி நிற்கிறார். அவருடைய ஊக்கத்தைப் பற்றி நாளைக்கும் பேசிக்கொள்ளலாம்.

நான்கு விடைகளும் ஒரு கவுன்சிலர் செய்யக்கூடியவைதான். கேட்கப்படுவது வரிசை. இது மண்டையில் ஏறினால் பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

படி 1: எந்தத் தேர்வு என்று உறுதி செய்யுங்கள்

அமெரிக்காவில் இந்த லைசென்ஸை மாநில அரசோ மாநிலச் சான்றிதழ் வாரியமோ தருகிறது. எத்தனை மணி நேரம் பயிற்சி, எத்தனை மணி நேரம் மேற்பார்வையில் வேலை, எந்தப் பட்டம் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நண்பர் சொன்னதை நம்பி ஃபார்ம் நிரப்பாதீர்கள்.

பல மாநிலங்கள் ஐசி அண்ட் ஆர்சி (IC&RC) என்ற சான்றிதழ் வாரியங்களின் கூட்டமைப்பு நடத்தும் ஏ.டி.சி. (மது, போதைப்பொருள் கவுன்சிலர்) தேர்வை ஏற்கின்றன. சில இடங்களில் நாடாக் (NAADAC) என்ற கவுன்சிலர் சங்கத்தின் தேர்வு செல்லும், சில இடங்களில் இரண்டில் எதுவும் செல்லும். உங்கள் வாரியத்தின் தளத்தில் எது என்று பார்த்து, அந்தத் தேர்வுக்கான கேண்டிடேட் கைடை இறக்கிப் பிரின்ட் எடுங்கள். மற்ற புத்தகமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏ.டி.சி. தேர்வில் 150 கேள்விகள், 3 மணி நேரம். அதில் 25 கேள்விகள் சோதனைக்காகச் சேர்த்தவை, மதிப்பெண்ணில் சேராது. ஆனால் எவை என்று அடையாளம் இருக்காது. மதிப்பெண் 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் வரும், 500 எடுத்தால் பாஸ். இது சதவீதம் இல்லை. தவறான விடைக்கு மைனஸ் கிடையாது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்தத் தேர்வை மனதில் வைத்துத்தான், இருந்தாலும் பாடம் இரண்டு தேர்வுக்கும் பெரும்பாலும் ஒன்றே.

படி 2: படிக்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள்

கசப்பாக இருக்கும், பரவாயில்லை. தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து போடுங்கள்: விஷயம் தெரியாமல் விட்டதற்கு 'தெ', கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டதற்கு 'ப', இரண்டு விடைகளில் எது முந்தியது என்று குழம்பியதற்கு 'வ'. என் தாளில் 'வ' தான் வரிசையாக நின்றது. மூன்று மாதம் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்து இந்த 'வ' குறையப் போவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

படி 3: எதைப் படிப்பது

போதை, மனநலச் சேவைகளைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் சாம்சா (SAMHSA) அமைப்பு இலவசமாகத் தரும் டாப் 21 என்ற ஆவணம்தான் அடித்தளம். 2006இல் திருத்தப்பட்ட பதிப்பில் ஒரு கவுன்சிலருக்கு வேண்டிய 123 திறன்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. வறண்ட எழுத்துதான், தூக்கம் வரும். ஆனால் கேள்வி எழுதுபவர்களின் பார்வை அதற்குள் இருக்கிறது. கூடவே மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் (மாற்றத்துக்கான காரணங்களை வந்தவரையே பேச வைக்கும் முறை) பற்றிய சாம்சாவின் டிப் 35 கையேடு, இதுவும் இலவசம். மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5இன் அளவுகோல்களும் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. காசு கொடுத்து ஒரு ஆன்லைன் கேள்வி வங்கி வாங்கினேன். அதில் பாதிக் கேள்விகள் 'அப்யூஸ்', 'டிபென்டன்ஸ்' என்று இரண்டு நோய்களாகப் பிரித்து வித்தியாசம் கேட்டன. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 அந்த இரண்டையும் ஒன்றாக்கி, சட்டச் சிக்கல் என்ற அளவுகோலை நீக்கி, வேட்கையைச் சேர்த்துவிட்டது. வாங்கும் முன் சாம்பிள் கேள்விகளில் இதை மட்டும் பாருங்கள். பழைய சரக்கு என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: பொருள்களைப் பெயரால் படிக்காதீர்கள், ஆபத்தால் படியுங்கள்

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்.

முதல் கட்டம், நிறுத்தும்போதே உயிருக்கு ஆபத்தானவை: மது, பென்ஸோடயஸபின், பார்பிட்யூரேட் (இவை இரண்டும் தூக்க, அமைதி மருந்து வகைகள்). கேள்வியில் இவற்றில் ஒன்றும் 'திடீரென நிறுத்தினார்' என்பதும் சேர்ந்து வந்தால் மருத்துவ உதவிதான் முதல் விடை.

இரண்டாவது, நிறுத்தும்போது படாதபாடு படுத்தினாலும் நேரடியாக உயிரை எடுப்பது அரிது: ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள். ஆனால் ஓபியாய்டில் பெரிய அபாயம் நிறுத்திய பிறகு வருகிறது. சில வாரம் நிறுத்தியதில் உடலின் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்தோ டிடாக்ஸிலிருந்தோ (போதையை நிறுத்த வைக்கும் சிகிச்சை) வெளியே வந்தவர் கதையோடு ஒரு கேள்வி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கொக்கெய்ன், மெத் (மெத்தாம்ஃபெட்டமின்) போன்ற தூண்டிகள். நிறுத்தியபின் மனச்சோர்வு ஆழமாக இறங்கும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பதுதான் இங்கே முக்கியம்.

மருந்துகளில் ஓபியாய்டுக்கான மூன்றைப் பிரித்துத் தெரிந்தால் போதும். மெத்தடோன், மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் இடமான ஏற்பியை முழுதாக இயக்கும். புப்ரெனார்ஃபின் பாதிதான் இயக்கும், ஆனால் இறுகப் பற்றிக்கொள்ளும். உடலில் ஹெராயின் இன்னும் இருக்கும்போது கொடுத்தால் அதைத் தள்ளிவிட்டு, நல்லா இருந்தவரைச் சட்டென்று கடும் வித்ட்ராயலில் (போதை விலகும்போது வரும் உபாதையில்) போட்டுவிடும். நால்ட்ரெக்ஸோன் இயக்காது, அடைத்து மட்டும் வைக்கும். அதற்கு முன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஓவர்டோஸில் கொடுக்கும் நலோக்ஸோன் வேறு. அதன் வேகம் சீக்கிரம் குறையும், எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

படி 5: ஸ்கிரீனிங் வேறு, அசெஸ்மென்ட் வேறு

ஸ்கிரீனிங் 'பிரச்சினை இருக்கக்கூடுமா' என்று மட்டும் கேட்கும். அசெஸ்மென்ட் 'என்ன, எவ்வளவு, எதனால்' என்று தோண்டும். ஸ்கிரீனிங் மதிப்பெண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டும் விடை எப்போதும் தவறு.

குடிப்பழக்கத்துக்கான ஸ்கிரீனிங்கான கேஜ் கருவியில் 4 கேள்விகள்: குறைக்க நினைத்தீர்களா, பிறர் சொன்னபோது எரிச்சல் வந்ததா, குற்ற உணர்வு வந்ததா, காலையில் கண் விழித்ததும் குடித்தீர்களா. இரண்டுக்கு ஆம் என்றால் மேலே பார்க்க வேண்டும். அதே குடிப்பழக்கத்துக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கருவியில் 10 கேள்விகள், 40 மதிப்பெண், 8 வந்தால் கவனம். டாஸ்ட் மதுவைத் தவிர்த்த மற்ற போதைக்கு.

டி.எஸ்.எம்.-5இன் 11 அளவுகோல்களைத் தனித்தனியாக உருப்போடுவது வீண். நான்கு குவியலாகப் பாருங்கள்: கட்டுப்பாடு இழந்தது 4, வாழ்க்கையில் விழுந்த அடி 3, ஆபத்து தெரிந்தும் தொடர்ந்தது 2, உடல் பழகியது 2. ஒரு வருடத்துக்குள் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் தீவிரம்.

இதில் ஒரு கண்ணி. அறுவை சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொன்னபடியே வலி மாத்திரை எடுத்தவருக்கு, அளவு பழகிப்போய், நிறுத்தினால் உடம்பு முறுக்குகிறது. அந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. இரண்டு ஆகிவிட்டதே, லேசான நோய் என்று டிக் செய்யக் கை போகும். மருத்துவர் மேற்பார்வையில் எடுத்த மருந்துக்கு அந்த இரண்டு உடல் அளவுகோல்களும் கணக்கில் வராது.

படி 6: கவுன்சலிங் கேள்விகளில் வாயை அடக்குங்கள்

நம்மில் பலருக்கு இது கஷ்டம். கஷ்டப்படுகிறவரைப் பார்த்தால் அறிவுரை தானாக வருகிறது.

"என் மனைவிதான் அனுப்பினாள். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார் ஒருவர். புரோசாஸ்காவும் டிக்ளமென்டேயும் வகுத்த மாற்றத்தின் கட்டங்களில் இவர் முதல் கட்டத்தில் நிற்கிறார், பிரச்சினை என்றே நினைக்கவில்லை. கல்லீரல் கெடும் கதையைச் சொல்லும் விடை தவறு. உடனே இலக்கு எழுதும் விடையும் தவறு. "உங்களுக்கு இங்கே வர விருப்பம் இல்லை, இருந்தாலும் அவங்களுக்காக வந்திருக்கீங்க" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லும் விடை இருக்கும், அதைத் தொடுங்கள்.

அதே ஆள், "விட்டால் நல்லதுதான், ஆனா நண்பர்களோட எப்படி இருப்பேன்" என்றால் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டார். இப்போது இரண்டு பக்க மனதையும் பேச வைக்க வேண்டும். "அடுத்த திங்கள் நிறுத்தப் போறேன்" என்றால்தான் திட்டம். ஆள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்தால் விடை தானாக விழும்.

படி 7: சட்டமும் நெறிமுறையும்

என் முதல் முறையில் 'பொது அறிவால் சமாளிக்கலாம்' என்று விட்ட பகுதி இது. பொது அறிவு இங்கே காலை வாரும்.

போதை சிகிச்சைப் பதிவுகளுக்கு 42 சி.எஃப்.ஆர். பார்ட் 2 என்ற கூட்டாட்சி விதி உண்டு. மற்ற மருத்துவ ரகசியத்துக்கான ஹிப்பாவைவிட இறுக்கமானது. ஒரு பெண் போன் செய்து, அழுதுகொண்டே, "என் வீட்டுக்காரர் அங்கே இருக்காரா, அதை மட்டும் சொல்லுங்க" என்கிறார். அந்தக் கணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் இல்லை என்றால் இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. போலீஸ்காரர் வாசலில் வந்து கேட்டாலும் இதே பதில்தான். வக்கீலிடமிருந்து சப்பீனா (ஆவணம் கேட்கும் சட்ட அழைப்பாணை) வந்தால் மட்டும் போதாது, அந்த விதியின்படி நீதிபதி போட்ட ஆணையும் வேண்டும்.

விதிவிலக்குகளை எழுதி வையுங்கள்: மருத்துவ அவசரம், குழந்தை வதை பற்றிய புகார், மையத்திலோ ஊழியர் மீதோ நடந்த குற்றம். 2024 திருத்தத்துக்குப் பிறகு சிகிச்சை, பணம் செலுத்துதல், மருத்துவ நிர்வாகம் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒப்புதல் வாங்கலாம். இன்னொருவரைக் கொல்லப்போவதாக வாடிக்கையாளர் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பின்னால் 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த டராசாஃப் தீர்ப்பு இருக்கிறது: ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு. எச்சரிக்கும் கடமை பற்றிய சட்டம் மாநிலந்தோறும் வேறுபடும்.

படி 8: கேள்வியைப் படிக்கும் பயிற்சி

என்னோடு படித்த தம்பி ஒருவர் ராத்திரி போன் போடுவார்: "அண்ணா, நாலுமே சரியா தெரியுதே!" நாங்கள் கண்டுபிடித்த வழி இது. கடைசி வரியை முதலில் படிப்பது. அதில் ஃபர்ஸ்ட், பெஸ்ட், மோஸ்ட், எக்ஸெப்ட் என்ற சொல் எது என்று விரல் வைப்பது. ஃபர்ஸ்ட் நேரத்தைக் கேட்கிறது, பெஸ்ட் தரத்தைக் கேட்கிறது. எக்ஸெப்ட் வந்தால் தவறானதைத் தேட வேண்டும், அவசரத்தில் நாம் சரியானதைத் தொட்டுவிடுவோம்.

பிறகு இந்த வரிசையில் விடைகளைச் சலிப்பது: உயிருக்கு ஆபத்து உண்டா? இல்லை என்றால், தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது மிச்சம் இருக்கிறதா? அதுவும் இல்லை என்றால்தான் செயலில் இறங்குவது. அந்தச் செயல் கவுன்சிலர் வேலைக்கு உட்பட்டதா என்றும் பாருங்கள். மருந்தின் அளவைக் குறைக்கச் சொல்லும் விடை எவ்வளவு அன்பாக எழுதப்பட்டிருந்தாலும் அது நம் வேலை இல்லை.

படி 9: எட்டு வாரம்

முதல் வாரம் கைடும் மாதிரித் தேர்வும். அடுத்த நான்கு வாரம் படி 4 முதல் 7 வரை, வாரம் ஒன்று. ஆறாவது, ஏழாவது வாரம் தினமும் 25 கேள்வி, ஆனால் சரியான விடையைவிடத் தவறான மூன்றும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுத வேண்டும். நேரம் பிடிக்கும். எனக்கு மதிப்பெண் ஏறியது அந்த நோட்டுப் புத்தகத்தால்தான். எட்டாவது வாரம் முழுத் தேர்வு ஒன்று, ஒரே உட்காரலில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு.

150 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் ஒன்றுக்கு 72 வினாடி. 75ஆவது கேள்வியில் கடிகாரம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தடுக்கும் கேள்விக்குத் தோன்றியதைக் குறித்து, திரும்பிப் பார்ப்பதற்கான கொடி அடையாளம் போட்டுவிட்டு நகருங்கள். திரும்பி வரும்போது புதிதாக ஒரு சொல் கண்ணில் பட்டால் மட்டும் விடையை மாற்றுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள். இனிஷியலையும் அப்பா பெயரையும் மாற்றி மாற்றி எழுதும் நமக்குத்தான் இந்த வரி.