கியூபெக் நகரம்: பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மாண்ட்ரியலுக்கு வருவோர் பலர், அங்கிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கியூபெக் நகரத்தைக் காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டமிடுகிறார்கள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம் என்று பயணத்திலேயே பாதி நாள் கழிந்துவிடுவதால், மிஞ்சும் பொழுது ஷாட்டோ ஃபிரன்டனாக் விடுதியின் முன் படம் எடுப்பதோடு முடிந்துவிடுகிறது. பிரெஞ்சுப் பயணி சாமுவேல் டி ஷாம்பிளேன் 1608-இல் நிறுவிய இந்நகரின் பழைய பகுதி, மெக்சிகோவுக்கு வடக்கே கோட்டை மதில்கள் இன்றும் நிலைத்திருக்கும் ஒரே நகரம் என்ற சிறப்பால், 1985-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. பகல் நேரக் கூட்டம் கலைந்த பிறகே அதன் தெருக்களில் நிதானமாக நடக்க முடியும் என்பதால், ஓர் இரவாவது அங்கே தங்குவது நல்லது.

தங்குமிடத்தை வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் தவறு. மேல்நகரும் கீழ்நகரும் வரைபடத்தில் ஒட்டினாற்போலத் தெரிந்தாலும், இடையே செங்குத்தான பாறைச்சரிவு இருக்கிறது. பெட்டி படுக்கையோடு படிக்கட்டுகளில் ஏறிப் பார்த்தால்தான் அந்தத் தூரம் புரியும். 1879 முதல் இரண்டுக்கும் இடையே இயங்கிவரும் சரிவு ரயில் கட்டணம் வாங்கினாலும், முதியோருக்கு அதுவே உகந்தது.

பேச்சைப் பொறுத்தவரை, இங்கே பிரெஞ்சுதான் பேசுமொழி என்பதால், கடைக்குள் நுழைந்ததும் நேரே ஆங்கிலத்தில் விலை கேட்காமல், முதலில் 'போன்ஜூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் தொடர்ந்தாலும், பழைய நகரில் பெரும்பாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

உணவகச் செலவில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். பட்டியலில் காணும் விலையில் வரி சேர்ந்திருக்காது. 40 டாலர் சாப்பாட்டுக்கு 5 சதவீத மத்திய வரியும் 9.975 சதவீத மாகாண வரியும் சேர்ந்து ஏறக்குறைய 6 டாலர் கூடும். வழக்கமான 15 சதவீத டிப்ஸை வரிக்கு முந்தைய தொகையில் கணக்கிட்டாலும் இன்னொரு 6 டாலர் ஆகும். ஆக, 52 டாலர். சைவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உருளைக்கிழங்கு வறுவலும் பாலாடைக்கட்டித் துண்டுகளும்தானே என்று நம்பி வாங்கும் 'பூட்டின்' மீது ஊற்றப்படும் குழம்பு, பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்யப்படுவது. கேட்காமல் வாங்கக் கூடாது.

குளிர்காலத் திருவிழாவைக் காணப் பிப்ரவரியில் போவோர், கோட்டுக்குக் காட்டும் அக்கறையைக் காலணிக்குக் காட்டுவதில்லை. வெப்பநிலை மைனஸ் 20-க்கும் கீழே இறங்கும் நாட்களில், அந்தச் சரிவான தெருக்கள் பனிக்கட்டியாய் உறைந்துவிடும். பிடிமானமுள்ள பனிக் காலணி இல்லாமல் அங்கே நடப்பது வீண் துணிச்சல். டொராண்டோவிலிருந்து காரில் வருவோர், தெருவோர எச்சரிக்கை விளக்குகள் மினுங்கினால் பனி அள்ளும் வண்டிகள் வரவிருக்கின்றன என்று அறிந்து காரை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதை இழுத்துச் சென்றுவிடுவார்கள்.

நயாகராவைப் பார்த்தாயிற்றே என்று, நகருக்கு அருகிலுள்ள மொன்மொரான்சி அருவியை விட்டுவிடுவோரும் உண்டு. நயாகராவின் அகலம் இதற்குக் கிடையாது. ஆனால் இதன் உயரம் 83 மீட்டர், நயாகராவைவிட ஏறத்தாழ 30 மீட்டர் அதிகம்; நகரப் பேருந்திலேயே போய்வரலாம்.