பழைய ஹெவிவெயிட் பாக்ஸர்களை ஒப்பிடும்போது நாம பண்ற தப்புகள்

அலியா, டைசனா, மார்சியானோவா, யாரு பெரிய ஆளுன்னு பேச்சு வந்தா முதல்ல எடுக்குறது ரெக்கார்டைத்தான். மார்சியானோ 49 ஃபைட்டு, 49-லயும் ஜெயிச்சாரு, அப்ப அவர்தான் டாப்புன்னு முடிச்சுடுறாங்க. அந்த 49-க்குள்ள யார் யார் இருக்காங்க, எந்த வயசுல வந்து நின்னாங்கன்னு பார்க்கணும்ங்க. 1951-ல அவர் ஜோ லூயிஸை 8-வது ரவுண்டுல கயித்தைத் தாண்டி விழ வச்சாரு, ஆனா அன்னைக்கு லூயிஸுக்கு வயசு 37, வரி பாக்கி கழுத்தை நெரிச்சதால திரும்ப ரிங்குக்கு வந்த மனுஷன், பட்டத்தை 25 தடவை காப்பாத்துன பழைய லூயிஸ் இல்ல.

அதுக்காக மார்சியானோவைக் குறைச்சுப் பேசல. 1952-ல, அப்போ சாம்பியனா இருந்த வால்காட்டோட ஃபைட்டைப் பாருங்க. முதல் ரவுண்டுலயே மார்சியானோ கீழ விழுந்தாச்சு, 12 ரவுண்டு முடிஞ்சப்போ மூணு நடுவர் போட்ட பாயிண்ட்லயும் பின்னாடி, நாக்-அவுட் பண்ணாத்தான் பட்டம்ங்குற நிலைமை. 13-வது ரவுண்டுல ஒரே ஒரு வலது கை குத்து, வால்காட் ஒரு கை கயித்துல மாட்டித் தொங்க அப்படியே சரிஞ்சாரு. என்னைக் கேட்டா மார்சியானோவோட பெருமை அந்த அடியிலதான் இருக்கு, தோல்விக் கணக்குல இருக்குற சைபர்ல இல்ல.

அடுத்த தப்பு, வயசான காலத்துத் தோல்வியை வச்சு எடை போடுறது. இது எனக்கு மனசுக்கே கஷ்டமா இருக்கும். அலிக்கு மொத்தம் 5 தோல்வி, அதுல ரெண்டு 38 வயசு தாண்டி வந்தது. 1980 ஆரம்பத்துல மெட்ராஸ் வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடிட்டுப் போனாரே, அதே வருஷம் அக்டோபர்லதான் லாரி ஹோம்ஸ்கிட்ட 10 ரவுண்டு அடி வாங்கினாரு. தைராய்டு மாத்திரை போட்டு உடம்பு வத்திப் போயிருந்துச்சு, கடைசியில அவர் பக்கத்து ஆளுங்களே நிறுத்தச் சொன்னாங்க. ஹோம்ஸ் ஒரு காலத்துல அலியோட ஸ்பாரிங் பார்ட்னர், அதாவது பயிற்சியில எதிர நின்னு மோதுற ஆளு, ஜெயிச்சுட்டு அழுதாரு மனுஷன். இதே அநியாயம் ஹோம்ஸுக்கும் நடந்துச்சு, 48 ஃபைட்டு தோக்காம இருந்தவரை, 38 வயசுல டைசன்கிட்ட 4-வது ரவுண்டுல விழுந்த அந்த வீடியோவை மட்டும் போட்டு முடிச்சுடுறோம்.

ஒருத்தன் அடிச்சவனை இன்னொருத்தன் அடிச்சா அவன்தான் பெரியவன்ங்குற கணக்கு பாக்ஸிங்ல செல்லவே செல்லாது. 1971-ல ஃப்ரேசியர் அலியை ஜெயிச்சாரு, 1973-ல ஃபோர்மேன் அதே ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவை கீழ தள்ளினாரு, அடுத்த வருஷம் ஆப்பிரிக்காவுல கின்ஷாசா நகரத்துல அலி ஃபோர்மேனை 8-வது ரவுண்டுல சாய்ச்சாரு. ஃப்ரேசியர் குனிஞ்சு குனிஞ்சு உள்ள வர்றவரு, அது ஃபோர்மேனோட அப்பர்கட்டுக்கு, அதாவது கீழயிருந்து மேல தூக்கி அடிக்குற குத்துக்கு, நேரா முகத்தைக் கொடுக்குற மாதிரி. அலி கயித்துல சாஞ்சு, அவரையே அடிக்க விட்டு, கை ஓய வச்சாரு. ஸ்டைலுக்கு ஸ்டைல் கதை மாறும்.

உடம்பு சைஸ் வச்சுப் பேசுறதும் வேண்டாம். மார்சியானோ 85 கிலோ சுமார், இன்னைக்கு ஹெவிவெயிட்டுக்குக் கீழ இருக்குற க்ரூஸர்வெயிட் பிரிவுல நிப்பாரு, 110 கிலோ ஆளை அடிப்பாரான்னு கேக்குறது வேற, அவர் காலத்துல என்ன சாதிச்சாருன்னு கேக்குறது வேற. சாம்பியன் பெல்ட் எண்ணிக்கையும் அப்படித்தான், இப்ப நாலு அமைப்பு நாலு பெல்ட்டு குடுக்குது.

எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு, பட்டம் வாங்குனவங்களை மட்டும் லிஸ்ட்ல போடுறது. ஜாக் டெம்ப்ஸி சாம்பியனா இருந்த 7 வருஷமும் ஹாரி வில்ஸுக்கு சான்ஸ் கிடைக்கல, காரணம் வில்ஸ் கறுப்பர். சாம் லாங்ஃபோர்டுன்னு இன்னொரு கறுப்பின பாக்ஸர், அவர் நிலைமை இன்னும் மோசம். 1906-ல அதே மாதிரி கறுப்பரான ஜாக் ஜான்சன்கிட்ட தோத்தவரு, ஆனா ஜான்சன் 1908-ல பட்டம் ஜெயிச்சப்புறம் அவருக்கு மறுபடி ஃபைட்டே குடுக்கல, வெள்ளைக்கார சாம்பியன்களும் குடுக்கல. உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு தடவைகூட ரிங்குல ஏற முடியாம, கண்ணு பாதி தெரியாத நிலைமையிலயும் அந்த மனுஷன் ஃபைட் பண்ணிட்டே இருந்தாரு.