கெர்னல் பேட்ச்சில் பிழைப் பாதையைப் படிப்பது எப்படி?

டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் கோடு) ஒழுங்காக ஓடுவதை எழுதியவரே பலமுறை பார்த்திருப்பார். நினைவகம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அநேகமாக யாரும் ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் லினக்ஸ் கெர்னலுக்கு (இயக்குதளத்தின் மையப் பகுதி) பேட்ச், அதாவது கோடு மாற்றம், ஒன்று வந்தால், ஃபங்ஷனின் கடைசி வரிகளைத்தான் நான் முதலில் படிப்பேன். ஏதாவது தோற்றால் அதுவரை பெற்றதை விடுவிக்கும் பிழைப் பாதை வழக்கமாக அங்கேதான் இருக்கும்.

படி 1: லேபிள்களைப் பாருங்கள்

கெர்னலில் ‘கோட்டூ’ (goto: ‘லேபிள்’ என்று பெயரிட்ட வரிக்குத் தாவும் கட்டளை) கெட்ட வார்த்தை இல்லை. சாதனத்தைத் தயார்செய்யும் ப்ரோப் ஃபங்ஷன் நினைவகம், கிளாக் (சாதனத்துக்கான கடிகாரத் துடிப்பு), இன்டரப்ட் (சாதனம் கெர்னலைக் கூப்பிடும் குறிப்பு) என்ற வரிசையில் பெற்றால், விடுவிப்பது தலைகீழாக நடக்க வேண்டும். இன்டரப்ட் கிடைக்காதபோது தாவும் ‘கோட்டூ’, கிளாக்கை நிறுத்தும் லேபிளில் விழ வேண்டும். ஒரு லேபிள் தள்ளி விழுந்தால் கிளாக் ஓடிக்கொண்டே இருக்கும். ‘டெவ்எம்’ (devm_) வகை ஃபங்ஷன்களால் பெற்றவை, ப்ரோப் தோற்றால் தாமாகவே விடுபடும். அவற்றைக் கையாலும் விடுவித்திருந்தால் அது இரட்டை விடுவிப்பு.

படி 2: என்ன எண் திரும்புகிறது?

நான் அதிகம் பிடித்த பிழை இதுதான். வெற்றிக்கு 0, தோல்விக்கு எதிர்ம எண். நினைவகம் இல்லையென்றால் -12. உதாரணமாக, முந்தைய அழைப்பு வென்றதால், திருப்ப வேண்டிய எண்ணை வைத்திருக்கும் ‘ரெட்’ (ret) மாறியில் 0 இருக்கிறது. அடுத்து நினைவகம் கிடைக்கவில்லை. கோடு ‘ரெட்’டை மாற்றாமலே லேபிளுக்குத் தாவுகிறது. எல்லாவற்றையும் விடுவித்துவிட்டு “வெற்றி” என்று திரும்புகிறது! சாதனம் தயார் என்று கெர்னல் நம்பிவிடும். விடுவித்த நினைவகத்தை யாரோ பிறகு தொடும்போதுதான் குட்டு உடையும். எனவே ஒவ்வொரு ‘கோட்டூ’வுக்கும் முன்னால் ‘ரெட்’டில் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பாருங்கள்.

பாயின்டர் (நினைவக முகவரி) தரும் ஃபங்ஷன்களில் இன்னொரு பொறி. நினைவகம் கேட்கும் ‘கே-மாலக்’ (kmalloc) தோற்றால் ‘நல்’ (NULL, வெற்று முகவரி) வரும். வேறு சில, பிழை எண்ணையே பாயின்டருக்குள் ஒளித்துத் தரும். முகவரி வெளியின் கடைசி 4095 மதிப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. அங்கே ‘நல்’தானா என்று மட்டும் சோதித்தால் பிழை நழுவிவிடும்.

படி 3: லாக் (log) செய்தி

நினைவகம் கிடைக்காததற்குத் தனிச் செய்தி வேண்டாம். கெர்னலே வழக்கமாக ஸ்டாக் டிரேஸோடு (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியல்) சொல்லிவிடும். ப்ரோப்பில் பிழைச் செய்தி போட ‘டெவ்_எர்_ப்ரோப்’ (dev_err_probe) இருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல் 5.9 பதிப்பில் வந்த இது, “பிறகு முயல்கிறேன்” என்ற -517க்குப் பிழைச் செய்தி போட்டு லாக்கை நிரப்பாது. இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (இன்டரப்ட் வரும்போதெல்லாம் ஓடும் ஃபங்ஷன்) செய்தி இருந்தால் ‘ரேட்லிமிட்’ வகையைக் கேளுங்கள். இயல்பாக 5 விநாடிக்கு 10 செய்திதான் விடும்.

‘பக்_ஆன்’ (BUG_ON: நிபந்தனை உண்மையானால் கெர்னலைக் கிராஷ் செய்யும்) கண்ணில் பட்டால், பிழையைத் திருப்பி அனுப்ப முடியாதா என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: தோற்க வைத்துப் பாருங்கள்

சோதனைக் கெர்னலில், நினைவகக் கோரிக்கைகளை வேண்டுமென்றே தோற்க வைக்கும் ‘ஃபெயில்ஸ்லாப்’ (failslab) வசதியை இயக்குங்கள். அதில் ‘இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்’ (ignore-gfp-wait) அமைப்பை அணைக்க மறக்காதீர்கள்; இல்லாவிட்டால் காத்திருக்கக்கூடிய சாதாரணக் கோரிக்கைகள் தோற்கவே தோற்காது. பிறகு, எத்தனையாவது கோரிக்கை தோற்க வேண்டும் என்று சொல்லும் ‘ஃபெயில்-என்த்’ (fail-nth) கோப்பில் 1 எழுதி, அதே ப்ராசஸிலிருந்து டிரைவரை பைண்ட் செய்யுங்கள் (சாதனத்தோடு இணையுங்கள்). அடுத்து 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். கோப்பைத் திரும்பப் படிக்கும்போது 0 வந்தால் தோல்வி நடந்துவிட்டது. எண் மீந்திருந்தால், அந்த ஓட்டத்தில் தோற்க வைக்க இனி இடமில்லை.