டியூக் சொன்னதை பிரவுனிங் தலையில் கட்டாதீர்கள்

ஆங்கில இலக்கிய விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியதில் எனக்கு மனப்பாடமாகிப்போன வாக்கியம் ஒன்று உண்டு: ‘இந்தக் கவிதையில் பிரவுனிங் இறந்துபோன தன் மனைவியைப் பற்றிச் சொல்கிறார்.’ ராபர்ட் பிரவுனிங் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ கவிதையை வெளியிட்டது 1842இல். அப்போது அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. எலிசபெத் பாரெட்டை மணந்தது 1846இல்தான்.

பேசுவது இத்தாலியின் ஃபெராரா நகரத்து டியூக், அதாவது அந்த ஊரை ஆளும் பிரபு. அவர் மனைவிதான் டச்சஸ். தலைப்புக்குக் கீழே ‘ஃபெராரா’ என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு பிரவுனிங் ஒதுங்கிக்கொள்கிறார். விக்டோரியா காலக் கவிதையைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நமக்கு இது பழகிய விஷயம். குறுந்தொகைப் பாட்டைத் திறந்தால் ‘தலைவி தோழிக்குச் சொல்லியது’ என்பதுபோல ஒரு கூற்றுக் குறிப்பு கூடவே இருக்கும். கபிலர் தலைவி கூற்றாகப் பாடினார் என்பதற்காக அவரைப் பெண் என்று யாரும் எழுதுவதில்லை. பிரவுனிங்கிடம் அந்தக் குறிப்பு கிடையாது. அதை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும்: ‘அடுத்த கல்யாணம் பேச வந்த தூதரிடம், முந்தைய மனைவியின் ஓவியத்தைத் திரை விலக்கிக் காட்டி டியூக் கூறியது.’ புத்தக ஓரத்தில் பென்சிலால் இப்படி ஒரு வரி எழுதிவிட்டுப் படித்துப் பாருங்கள், கவிதை வேறு முகம் காட்டும்.

இது தெரிந்தவர்களும் அடுத்த படியில் வழுக்குகிறார்கள். டச்சஸின் குணச்சித்திரம் எழுதச் சொன்னால், ‘எல்லோரிடமும் சிரித்துப் பழகியவள், கணவனின் அந்தஸ்தை மதிக்காதவள்’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தத் தகவலைத் தந்தது யார்? டியூக். சரி, அவர் அடுக்கும் குற்றச்சாட்டுகள்தான் என்ன? மேற்கே சாயும் வெயிலைப் பார்த்து மகிழ்ந்தாள். தோட்டத்தில் யாரோ ஒடித்துக் கொடுத்த செர்ரிக் கொப்பை வாங்கி மகிழ்ந்தாள். வெள்ளைக் கோவேறு கழுதையில் ஏறிச் சுற்றி வந்து மகிழ்ந்தாள். டியூக் தந்த 900 ஆண்டுப் பழமையுள்ள குடும்பப் பெயரையும் இவற்றோடு ஒரே தட்டில் வைத்தாள். இவ்வளவுதான் குற்றம். இதைக் கேட்டபின் நமக்கு அதிகம் தெரிந்திருப்பது டச்சஸையா, டியூக்கையா?

‘கட்டளையிட்டேன், புன்னகைகளெல்லாம் ஒருசேர நின்றன’ என்கிறார் டியூக். கொன்றுவிட்டார் என்று அடித்து எழுதிவிட வேண்டாம். பிற்காலத்தில் ஒருவர் கேட்டபோது, கொல்லச் சொன்ன கட்டளைதான் என்று சொல்லிய பிரவுனிங், கன்னிமடத்தில் அடைத்திருக்கவும் கூடும் என்று சேர்த்துக்கொண்டார். எனக்கு அதைவிட உறுத்துவது அடுத்த சில வரிகளிலேயே தொடங்கிவிடும் வரதட்சணைப் பேச்சுதான்.

இந்தக் கவிதைக்கு 56 வரிகள், இரண்டிரண்டு வரியாக இயைபு. ‘ஏஏ பிபி’ என்று எழுதி ஒரு மார்க் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். வாய்விட்டு வாசித்தால் அந்த இயைபு காதில் சரியாக விழாது. வாக்கியங்கள் வரி முடிவில் நிற்காமல் அடுத்த வரிக்குள் வழிந்துபோகின்றன. மேலே சகஜமான பேச்சு, அடியில் இறுகிய கட்டு. டியூக்கின் பணிவும் இதே ரகம்தான்.

நாவலுக்கு வந்தால் இதே தவறு வேறு உடுப்பில் வருகிறது. டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கதாநாயகன் பிப் நன்றிகெட்டவன் என்று எல்லோரும் எழுதுகிறோம். சரிதான், ஆனால் அதை நமக்குச் சொல்லிக்கொடுப்பவனே பிப்தான். நாவலில் இரண்டு பிப்கள் இருக்கிறார்கள்: தவறுகளைச் செய்யும் இளைஞன், பல வருஷம் கழித்து அவற்றை எழுதும் நடுவயதுக்காரன். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் கதையின் வலி போய்விடும்.

யாரோ தந்த பணத்தில் லண்டனில் கனவானாக வாழும் பிப்பை, அவனை வளர்த்த அக்கா கணவர் ஜோ, கொல்லர், வந்து பார்க்கும் காட்சி ஒன்று போதும். ஜோ தன் தொப்பியைக் கணப்பு மாடத்தின் ஓரத்தில் வைக்கிறார். அது விழுகிறது, எடுத்து வைக்கிறார், மறுபடி விழுகிறது. விக்கெட் கீப்பர்போல அவர் பாய்ந்து பாய்ந்து பிடிப்பதாக எழுதுகிறார் டிக்கன்ஸ். வாய் ஒரு முறை ‘பிப்’ என்கிறது, ஒரு முறை ‘சார்’ என்கிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் அறையில் இருக்கும் இளைஞனுக்குச் சிரிப்பு வரவில்லை, கூச்சத்தில் எரிச்சல்தான் வருகிறது. காசு கொடுத்து ஜோவை வராமல் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று ஒப்புக்கொள்வது எழுதும் பிப். தொப்பியின் கோமாளித்தனத்தை இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருப்பவனும் அவனே. கிளம்பும்போது, இந்த உடுப்பில் நான் சரிப்படமாட்டேன், உலைக்களத்தில்தான் என் இடம் என்று ஜோ நிதானமாகச் சொல்வார். ‘நற்பண்புகள்’, ‘தீய பண்புகள்’ என்று இரண்டு பத்தி பிரித்து எழுதும் குணச்சித்திரத்தில் இந்தக் காட்சி எங்கே போய் உட்காரும்?

கருப்பொருளை ஒற்றைச் சொல்லில் அடைப்பதும் இதே அவசரம். ‘பணம்’, ‘வர்க்கம்’, ‘பெண்ணடிமை’ என்றெல்லாம் தலைப்புப் போட்டால் அது கருப்பொருளாகிவிடாது, வெறும் அலமாரிச் சீட்டு. ‘பணம் மகிழ்ச்சி தராது என்பதே இந்நாவலின் கருத்து’ என்று எழுதும் முன், பிப் தன் நண்பன் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் பணம் கட்டி அவனைத் தொழில் பங்காளியாக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள். தன் வசதியால் அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. பின்னாளில் அவனுக்குப் பிழைப்பு கொடுப்பதும் அந்த நிறுவனம்தான். ‘பணம் தராது’ என்ற வாக்கியம் இந்த இடத்தில் முறிந்துவிடுகிறது. முறியும் இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தால் பதில் நன்றாக வரும்.

அப்புறம் தேதிகள். டென்னிசனின் ‘இன் மெமோரியம்’ கவிதையில் இயற்கையை ‘பல்லிலும் நகத்திலும் சிவப்பு’ என்று சொல்லும் இடம் பிரபலம். உடனே ‘டார்வினின் தாக்கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கவிதை வந்தது 1850இல், டார்வினின் ‘ஆரிஜின் ஆஃப் ஸ்பீசிஸ்’ 1859இல். நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல் இறந்ததிலிருந்து டென்னிசன் இதைச் சிறிது சிறிதாக எழுதிவந்தார். அவரை உலுக்கியது சார்லஸ் லயல் 1830களில் எழுதிய புவியியல் நூல். பாறைகளில் பதிந்த அழிந்துபோன உயிரினங்கள், கணக்கில் அடங்காத காலம் எல்லாம் அங்கேயே வந்துவிட்டன. பாதி நாவல்களில் இன்னொரு சிக்கல், எழுதிய காலமும் கதை நடக்கும் காலமும் வேறு. ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ 1871-72இல் வெளிவந்தது, கதையோ 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டிய வருஷங்களில் நடக்கிறது. வாசகருக்குத் தெரிந்த எதிர்காலம் கதாநாயகி டொரோத்தியாவுக்குத் தெரியாது.

எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலில் வரும் ஹீத்கிளிஃபைக் காதல் நாயகனாக்கும் பழக்கத்துக்குச் சினிமாவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்த நாவல் முழுவதும் நமக்கு வருவது பணிப்பெண் நெல்லி சொல்லி, வாடகைக்கு வந்த லாக்வுட் எழுதிய கதை. நெல்லிக்கும் சொந்தக் கணக்குகள் உண்டு. விக்டோரியா காலத்தவர் பியானோக் காலுக்குக்கூடத் துணி போர்த்தினார்கள் என்று ஆரம்பிக்கும் கட்டுரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 1839இல் கேப்டன் மாரியட் எழுதிய பயணக் குறிப்பில் உள்ள சமாச்சாரம் அது, அவர் கேலி செய்தது அமெரிக்கர்களை.

கடைசியாக ஒன்று. எஸ்டெல்லா, பிப் சிறு வயது முதல் காதலித்தவள். ‘பிப்பும் எஸ்டெல்லாவும் மணமுடித்தார்கள்’ என்று விடையை முடிக்காதீர்கள். டிக்கன்ஸ் முதலில் எழுதிய முடிவில், மறுமணமாகிவிட்ட எஸ்டெல்லா பிக்கடில்லி தெருவில் பிப்பைப் பார்க்கிறாள். கூட வந்த ஜோவின் மகனை பிப்பின் பிள்ளை என்று எண்ணிக்கொள்கிறாள், இருவரும் பிரிகிறார்கள். நண்பர் புல்வர் லிட்டன் சொல்லித்தான் அதை மாற்றினார். அச்சான முடிவில், சிதைந்த பழைய வீட்டுத் தோட்டத்தில் அவள் கையைப் பிடித்தபடி வெளியே வரும் பிப், இன்னொரு பிரிவின் நிழலைத் தான் காணவில்லை என்கிறான். காணவில்லை என்றுதான் சொல்கிறான். எஸ்டெல்லாவை வளர்த்த பணக்காரி மிஸ் ஹாவிஷாம்தான் தனக்குப் பணம் தந்தவர் என்று தவறாக நம்பி, அவரைத் தேவதையாகக் கண்டவனும் இவனேதான்.