டர்போ காரில் மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் மாட்டுவது எப்படி?

டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட்; அதைக் கையால் திருப்பி ஏற்றும் சிறு வால்வுதான் இந்தக் கன்ட்ரோலர். நிசான் சில்வியா எஸ்13-இல் வரும் எஸ்ஆர்20டிஇடி இன்ஜினை வைத்தே சொல்கிறோம். கம்பெனி அமைப்பில் பூஸ்ட் சுமார் 0.5 பார், அதாவது 7 பிஎஸ்ஐ. பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 370 சிசி. இன்ஜெக்டரை மாற்றாமல் 0.8 பாருக்கு மேல் போகவே வேண்டாம். கம்ப்யூட்டரே பூஸ்டைக் கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இதை மாட்டினால் கார் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய்விடும். அவற்றுக்கு இசியு, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றுவதுதான் வழி.

முதலில் லீக் பாருங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து 0.7 பார் காற்று ஏற்றி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை வந்தால் அந்தக் கிளாம்பைச் சரிசெய்யுங்கள். ஏர்ஃப்ளோ மீட்டர் அளந்த காற்று வழியில் கசிந்தால் பெட்ரோல் கூடிப்போய் கரும்புகை வரும், இழுவை குறையும். பூஸ்டை ஏற்றினால் கசிவும் ஏறும்.

ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக, அதாவது வெப்பத்தை இன்னும் வேகமாகக் கடத்துவதாக மாற்றுங்கள்; என்ஜிகே-யில் 6 என்றால் 7. கேப் 0.7 மிமீ போதும். கேப் அதிகமானால் பூஸ்டில் பொறி அணைந்து இன்ஜின் வெட்டும்.

பூஸ்ட் கேஜுக்கு இன்டேக் மேனிஃபோல்டில், த்ராட்டிலுக்குப் பின்னால் தனி நிப்பிள் எடுங்கள். ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டர் ஹோஸில் டீ போடும் பழக்கம் ஆபத்தானது: அந்த டீ கழன்றால் பூஸ்ட் ஏறும்போது எரிபொருள் அழுத்தம் கூடவே ஏறாது, கலவை மெலிந்து பிஸ்டன் உருகும்.

கன்ட்ரோலருக்குள் ஒரு குண்டும் ஸ்பிரிங்கும்தான். வேஸ்ட்கேட் என்பது பூஸ்ட் போதுமானதும் எக்ஸாஸ்ட் புகையை டர்போவைச் சுற்றாமல் திருப்பிவிடும் கதவு; அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். டர்போவின் கம்ப்ரசரிலிருந்து வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸை வெட்டி நடுவில் மாட்டுங்கள். அம்புக்குறி ஆக்சுவேட்டர் பக்கம் இருக்கட்டும். 4 மிமீ சிலிக்கான் ஹோஸ், இரு முனையிலும் கிளாம்ப். எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். இந்த ஒரு ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்கவே திறக்காது, பூஸ்ட் எல்லை மீறும். ஆக்சுவேட்டர் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு துளை இருக்கும், அதை அடைக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டதும் அடைபட்ட காற்று அதன் வழியேதான் வெளியேறுகிறது.

கன்ட்ரோலரின் ஸ்க்ரூவைக் கழற்றாமல் முழுக்க வெளிப்பக்கம் திருப்பிவைத்துத் தொடங்குங்கள். கேஜ் 0.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். அதற்குக் கீழே கொண்டுவர எந்தக் கன்ட்ரோலராலும் முடியாது, அது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் அளவு. பிறகு டைனோவில் (கார் நின்றபடியே சக்தியை அளக்கும் உருளை மேடை) அல்லது மூடிய பாதையில், 4-ஆம் கியரில், 2500 ஆர்பிஎம்மிலிருந்து முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கால் சுற்று மட்டும் உள்ளே திருப்புங்கள். 2-ஆம் கியரில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மேல் கியரில் சுமை கூடுவதால் பூஸ்ட் இன்னும் ஏறும்.

காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் இல்லாமல் திருப்பாதீர்கள். முழு பூஸ்டில் அந்த விகிதம் 11.5 முதல் 12 வரை இருக்கட்டும். 12.5-ஐத் தாண்டினாலோ, சிறு கூழாங்கல் தகரத்தில் உருள்வதுபோல் நாக்கிங் சத்தம் கேட்டாலோ உடனே காலை எடுத்து, அரை சுற்று பின்னால் வாருங்கள்.

அளவு சரியானதும் லாக் நட்டை இறுக்குங்கள். 100 கிமீ ஓடியபின் எல்லாக் கிளாம்பையும் மறுபடி பாருங்கள். குளிர்ந்த இரவில் பூஸ்ட் சற்று ஏறும் என்பதால் ஒருமுறை அப்போதும் கேஜைக் கவனித்துவிடுங்கள்.