ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஒரு பழைய வீட்டின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 81-ம் எண் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, அதற்குப் பக்கத்திலேயே போகும் பழைய 11-ம் எண் சாலையில் வின்செஸ்டரிலிருந்து ஸ்டான்டன் பக்கமாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு பக்கமும் பழைய வீடுகள் வந்துகொண்டே இருக்கும். சிலவற்றின் முகப்பில் 1740, 1760 என்று வருடம் போட்ட பலகைகூடத் தொங்கும். அந்தப் பலகையை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். பல சமயம் அது நிலம் முதன்முதலாக ஒருவர் பெயருக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட வருடம்தான், வீடு எழும்பிய வருடம் இல்லை. கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பிரிவு) சொத்துவரிப் பக்கத்தில் 'கட்டிய ஆண்டு 1900' என்று இருந்தாலும் அதே கதைதான். ரொம்பப் பழையது, சரியான வருடம் தெரியாது என்றால் 1900 என்று போட்டுவைக்கும் வழக்கம் பல கவுண்டிகளில் உண்டு.

வீட்டின் வயது ஆணியில், மரத்தில், பத்திரத்தில், வரிப்புத்தகத்தில் இருக்கிறது. இந்த நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் வருடத்தைச் சொல்லலாம்.

முதலில் யார் எப்போது வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வீட்டின் அமைப்பே அதைப் பொறுத்ததுதான். இந்தப் பள்ளத்தாக்கில் ஐரோப்பியர் குடியேறியது கிழக்கே கடற்கரையிலிருந்து மலை தாண்டி வந்ததால் அல்ல, பெரும்பாலும் வடக்கே பென்சில்வேனியாவிலிருந்து. பூர்வகுடிகள் நடந்து நடந்து போட்ட தடம்தான் பிறகு ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தெற்கே வரும் பெரிய வண்டிப்பாதை ஆனது. 1727 வாக்கில் ஆடம் மில்லர் என்ற ஜெர்மானியர் வந்தார், 1730-களின் தொடக்கத்தில் யோஸ்ட் ஹைட் பல குடும்பங்களைக் கூட்டிவந்து வின்செஸ்டருக்குத் தெற்கே குடியமர்த்தினார். 1736-ல் வில்லியம் பெவர்லிக்கு ஸ்டான்டனைச் சுற்றி 1,18,491 ஏக்கர் கொடுக்கப்பட்டது, அங்கே அயர்லாந்தின் வட பகுதியான அல்ஸ்டரிலிருந்து வந்த ஸ்காட்ஸ்-ஐரிஷ் மக்கள் வாங்கிக் குடியேறினார்கள். இரோகுவா என்ற பூர்வகுடி மக்கள் இந்த நிலத்தின் மேல் இருந்த உரிமையை விட்டுக்கொடுத்த லங்காஸ்டர் ஒப்பந்தம் 1744-ல்தான். அதாவது குடியேற்றம் முதலில், ஒப்பந்தம் பிறகு. வீட்டு வரலாறு எழுதுகிறவர்கள் இந்த வரிசையை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, இப்போது வீட்டுக்கு வருவோம். தனியார் இடம் என்பதால் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். நல்ல டார்ச், அளவு நாடா, நோட்டு, முழங்காலில் மண் பட்டாலும் பரவாயில்லாத உடுப்பு, இவ்வளவு போதும்.

வெளியே நின்று புகைபோக்கியைப் பாருங்கள். கூரையின் நடுவில், கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி ஒரே ஒரு பெரிய புகைபோக்கி இருந்தால் அது ஜெர்மானியக் குடும்பத்தின் வீடாக இருக்க வாய்ப்பு அதிகம். கதவைத் திறந்தால் நேராக சமையலறை, அதில் பெரிய அடுப்பு; அந்தச் சுவருக்கு மறுபக்கம் ஸ்டூபே என்ற கூடம்; அதற்குப் பின்னால் காமர் என்ற சின்னப் படுக்கையறை. கீழே கல்லால் வளைத்துக் கட்டிய நிலவறை, சில வீடுகளில் அதற்குள்ளேயே ஊற்று. மாறாக வீட்டின் இரண்டு ஓரச் சுவர்களிலும் புகைபோக்கி, நடுவில் நடை, இரண்டு மாடி, ஆனால் ஒரே அறை அளவுக்கு ஆழம் என்றால் அது ஐ-வீடு. 19-ம் நூற்றாண்டில் எல்லா வம்சத்தாரும் கட்டியது. இந்தியானா, இல்லினாய், அயோவா என்று 'ஐ'யில் தொடங்கும் மாநிலங்களில் நிறையப் பார்த்ததால் புவியியலாளர் ஃப்ரெட் கினிஃபன் 1936-ல் அந்தப் பெயர் வைத்தார்.

ஆனால் வெளித்தோற்றம் ஏமாற்றும். பழைய ஜெர்மானிய வீட்டின் நடுப் புகைபோக்கியை இடித்துவிட்டு ஓரங்களில் புதிதாகக் கட்டி, நடுவில் நடை விட்டு, ஆங்கிலேய பாணிக்கு மாற்றியவர்கள் நிறையப் பேர். அதனால் நேராகப் பரணுக்கு ஏறுங்கள். நடுவில் மட்டும் தளப்பலகை வேறு நிறத்தில் சதுரமாக ஒட்டுப்போட்டிருக்கிறதா, அந்த இடத்துக் கைமரங்களில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேதான் பழைய புகைபோக்கி நின்றது. அதேபோல வெள்ளைப் பலகை அடித்த சாதாரண வீடு மாதிரி இருக்கும், ஆனால் ஜன்னல் விளிம்பு ஒரு அடிக்கு நெருக்கமாக ஆழம் போகும்; அப்படியென்றால் பலகைக்குள்ளே முழு மரக்கட்டைகளை அடுக்கிய சுவர் ஒளிந்திருக்கிறது. நிலவறைப் படிக்கட்டின் பக்கம் மூலை திறந்திருந்தால், கட்டைகள் கவிழ்த்த 'வி' வடிவத்தில் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

அடுத்தது ஆணி. இதை நிதானமாகச் செய்யுங்கள். கொல்லர் பட்டறையில் அடித்த ஆணி நான்கு பக்கமும் கூம்பிக்கொண்டே போகும், தலையில் சுத்தியல் பட்ட தட்டையான முகங்கள் தெரியும். 1790-களுக்குப் பிறகு இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரத்தால் வெட்டிய ஆணி வந்தது. அது இரண்டு பக்கம் மட்டும் கூம்பும், மற்ற இரண்டு பக்கமும் ஒரே தடிமன். இப்போது நாம் கடையில் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி பரவலானது 1890 வாக்கில். ஆணியைப் பிடுங்கக் கூடாது. பாதி வெளியே நிற்கிற ஒன்றைத் தேடி இரண்டு விரலால் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய ஆணியை மறுபடி பயன்படுத்துவார்கள், அதனால் ஒரு கொல்லர் ஆணியைப் பார்த்துவிட்டு 18-ம் நூற்றாண்டு என்று குதிக்க வேண்டாம். எந்தப் பகுதி முதலில் கட்டியபடியே தொடப்படாமல் இருக்கிறதோ, அதில் இருக்கும் ஆணிகளிலேயே எது புதிய வகையோ, அதுதான் கணக்கு: வீடு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது.

மரத்தில் ரம்பத்தின் தடமும் அப்படித்தான். டார்ச்சை உத்திரத்தை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. ஒரே இடைவெளியில் நேர்க்கோடுகள் வந்தால் நீர்ச்சக்கரத்தில் மேலும் கீழும் ஓடிய ரம்பம். வில் மாதிரி வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம். கிராமப்புறத்தில் அது 1830, 40-களுக்கு முன் இருக்காது. கோடே இல்லாமல் செதில் செதிலாகப் பள்ளம் இருந்தால் கோடாலியாலும் வாய்ச்சியாலும் செதுக்கியது. நான் முதல்முறை இப்படி ஒரு பரணில் டார்ச் பிடித்தபோது முன்பக்கக் கைமரங்களில் நேர்க்கோடுகள், பின்பக்கத்தில் வளைந்த கோடுகள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடுகள்! கைமரங்கள் சேரும் இடத்தில் தச்சர் உளியால் வெட்டிய ரோமன் எண்கள்கூட முன்பக்கத்தோடு நின்றுவிட்டன. அன்றிலிருந்து 'வீடு எப்போது கட்டியது' என்று கேட்பதை விட்டுவிட்டு 'எந்தப் பகுதி எப்போது கட்டியது' என்று கேட்கிறேன்.

அப்புறம் காகிதம். இன்றைய உரிமையாளரின் பத்திரத்தில் ஆரம்பித்து தாய்ப்பத்திரம் தாய்ப்பத்திரமாகப் பின்னோக்கிப் போகவேண்டும். கவுண்டி நீதிமன்றத்து எழுத்தர் அலுவலகத்தில் விற்றவர் பெயருக்கு ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு ஒரு அட்டவணை இருக்கும். வாங்கியவர் அட்டவணையில்தான் பின்னோக்கி நகர்வது. செக்குபந்தி விவரம் 'ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி' என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும், தூரம் 'போல்' (pole) என்ற பழைய அளவில் வரும், ஒரு 'போல்' 16.5 அடி. ஒஹையோ ஆற்றுக்கு அந்தப்பக்கம் 1785 சட்டப்படி 640 ஏக்கர் சதுரங்களாக அளந்த மாதிரி இங்கே இருக்காது, அதனால் கோணல்மாணலாக வரைந்து பார்க்கத் தயாராக இருங்கள். பத்திரச் சங்கிலி திடீரென அறுந்தால் பயப்படாதீர்கள், நிலம் உயில் வழியாகப் போயிருக்கும். உயில் புத்தகங்களையும், பாகப்பிரிவினை வழக்குகளையும் பாருங்கள். இந்த வழக்குக் கட்டுகள் பலவற்றை வர்ஜீனியா மாநில நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது, சிலவற்றில் வீடு வரைந்த வரைபடமே இருக்கும்.

கவுண்டி எல்லை மாறியதை மறந்துவிட்டால் நாள் முழுக்க வீணாகும். பேஜ் கவுண்டி வந்ததே 1831-ல். அங்குள்ள வீட்டுக்கு அதற்கு முந்தைய பத்திரம் ஷெனண்டோவா கவுண்டியிலோ ராக்கிங்ஹாம் கவுண்டியிலோ இருக்கும். 1770-களுக்கு முன் ஃப்ரெடெரிக்கிலோ அகஸ்டாவிலோ. அதற்கும் முன்னால் ஆரஞ்சில். ராக்கிங்ஹாமில் இன்னொரு சிக்கல். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 ஜூனில் பாதுகாப்புக்காகப் பதிவுப் புத்தகங்களை வண்டியில் ஏற்றி அனுப்பியபோது வடக்குப் படையினர் வழியில் தீ வைத்துவிட்டார்கள், நிறையப் போய்விட்டது.

அப்படிப்பட்ட இடத்தில் கைகொடுப்பது நிலவரிப் புத்தகம், ஏனென்றால் அதன் ஒரு பிரதி மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போனது. 1782-லிருந்து இருக்கிறது. 1820-லிருந்து கட்டடத்தின் மதிப்புக்கு என்று தனிக் கட்டம் வருகிறது. இந்த வேலையில் இதைவிடப் பெரிய புதையல் கிடையாது. ஒரே ஆள், ஒரே ஏக்கர், வருடம் வருடமாகக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாருங்கள். பத்து வருடம் 200 டாலராக நின்றது திடீரென 900 ஆனால் அந்த வருடமோ அதற்கு முந்தைய வருடமோ புது வீடு எழுந்திருக்கிறது. சில சமயம் ஓரத்தில் வரி மதிப்பீட்டாளரே 'புதுக் கட்டடம்' என்று எழுதியிருப்பார். மதிப்பு சடாரென விழுந்தால் தீ விபத்தாக இருக்கலாம். 1864 இலையுதிர் காலத்தில் வடக்குப் படைத் தளபதி ஷெரிடனின் படை இந்தப் பள்ளத்தாக்கில் களஞ்சியங்களையும் மாவு ஆலைகளையும் கொளுத்தியது, குடியிருந்த வீடுகளைப் பெரும்பாலும் விட்டுவைத்தது. வீடு பழசாகவும் களஞ்சியம் போருக்குப் பிந்தியதாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம்.

யார் குடியிருந்தார்கள் என்பதற்கு 1850-லிருந்து எடுத்த மக்கள்தொகைக் கணக்கு உதவும், அதில்தான் வீட்டிலுள்ள எல்லார் பெயரும் வருகிறது. எல்லார் என்றால் சுதந்திரமாக இருந்தவர்கள். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 1850, 1860 இரண்டிலும் தனிப் பட்டியல், பெயர் கிடையாது, வயதும் பாலினமும் நிறமும்தான். 1860 பட்டியலில் அவர்கள் இருந்த குடில்களின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்புறம் போய்ப் பாருங்கள். மிடில்டவுன் பக்கத்தில் 1797-ல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய பெல் குரோவ் மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது. யோஸ்ட் ஹைட்டின் பேரன் ஐசக் ஹைட்டின் வீடு. அதன் வேலைகளைச் செய்தவர்கள் தங்கிய குடில்கள் நிற்கவில்லை. எது எஞ்சியது என்று எழுதும்போது எது எஞ்சவில்லை என்பதையும் எழுதுங்கள், உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் அவர்கள் பெயர்கள் கிடைத்தால் ஒன்று விடாமல் எழுதுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வருடம் பிடிபடவில்லை என்றால் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணும் நிபுணரைக் கூப்பிடலாம். உத்திரத்தில் பென்சில் மொத்தத்துக்குத் துளை போட்டு எடுப்பார்கள். மரப்பட்டையை ஒட்டிய கடைசி வளையம் அப்படியே இருந்தால் மரம் எந்த வருடம் வெட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். அதற்கு செலவாகும்.

கண்டதையெல்லாம் ஒரு அறிக்கையாக எழுதி, படங்களோடு மாநில வரலாற்று வளத் துறைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இன்னொன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்து, பத்திரத்தோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். வீடு கை மாறும்போது பத்திரம் மட்டும் கண்டிப்பாகக் கூடவே போகும்.